கிட்டுசாமி என்றொரு பெண் குழந்தை

ஆலன், டெக்ஸாஸ்
மார்ச் 9, 1998

பர்வதம் அக்காவுக்கு,

ஞாயித்துக்கிழமை நீ டொப்புனு போனை வெச்சதுல எனக்கு இன்னும் காது அடைச்சுக் கெடக்கு. திருப்பிக் கூப்பிட மாட்டேன். கோபம் ஒரு காரணம். இன்னொண்ணு, நீ ஹால் போன்ல என்கிட்ட பேசறதை உன் வீட்டுல தங்கியிருக்கற அப்பா பெட்ரூம் போனை எடுத்துக் கேக்கறார். அவர் மூச்சு விடற சத்தம் எனக்கு இங்க கேக்குது. அதனாலதான் உன் ஆபீஸ் அட்ரஸுக்கு லெட்டர் போடறேன். இ-மெயில் அனுப்பலாம்தான். ஆனா தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா சண்டை போட்ட திருப்தியே வர்றதில்லை.

விஷயத்தை மறுபடியும் சொல்றேன். இந்தத் தடவை உன்னால நடுவுல போனை வெக்க முடியாது. ஏப்ரல் கடைசியில எனக்குப் பொறக்கப் போறது பொண்ணு. அவளுக்கு நம்ம அப்பா பேரை வெக்கப் போறேன். சுருக்கி இல்லை, மாத்தி இல்லை. முழுசா கிட்டுசாமி.

நீ கேட்டே, உனக்குப் பைத்தியமான்னு. அக்கா, இந்த ஊர்ல நான் சாந்தி இல்லைங்கறது உனக்கு மறந்துடுச்சு. கோயமுத்தூர்ல அந்த டிராவல் ஏஜென்ட் பாஸ்போர்ட் ஃபாரத்துல கே. சாந்தியை விரிச்சு கிட்டுசாமி சாந்தின்னு எழுதினார். இனிஷியலை முன்னாடி போடறதுதானே நம்ம வழக்கம், நானும் சரின்னு கையெழுத்துப் போட்டேன். இங்க வந்து எறங்கினா, முன்னாடி இருக்கறதுதான் பேருங்கறாங்க. மொத நாள் கிளாஸ்ல புரொபசர் 'கிட்டு'ன்னு கூப்பிட்டப்ப, அப்பா எங்க வந்தார்னு திரும்பிப் பாத்தேன். திருத்தணும்னு கையைத் தூக்கினேன், அப்பறம் எறக்கிட்டேன். அன்னிக்கு ஏன் எறக்கினேன்னு எனக்கே தெரியலை. இப்பத் தெரியுது.

நம்ம அப்பாவை யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டு நீ கேட்டிருக்கியா? மில்லுல மேஸ்திரி. ஊர்ல மாமா, மச்சான், பங்காளி. அம்மா இருந்தவரைக்கும் 'ஏனுங்க'தான். ரேஷன் கடையில வீட்டுக்காரர் பேரைக் கேட்டா நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தியை முன்னாடி தள்ளிவிட்டுட்டு அவங்க ஓரமா நின்னுக்குவாங்க. அப்படி யார் வாயிலயும் வராமக் கெடந்த பேரை இங்க கான்ஃபரன்ஸ் ரூம்ல கூப்பிடறாங்க, பார்க்கிங் லாட்ல கூப்பிடறாங்க. போன வருஷம் எனக்கு மேனேஜர் ப்ரமோஷன் குடுத்தப்ப மைக்ல கூப்பிட்டாங்க. அந்த நிமிஷம் அப்பா பக்கத்துல இருந்திருக்கணும்னு எனக்கு ஏக்கமா இருந்துச்சு.

பேர் சொல்ல ஒரு பையன் இல்லைன்னு எத்தனை பேர் அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்காங்க. நாம ரெண்டு பேரும் பக்கத்துல நிக்கறப்பவே சொல்லியிருக்காங்க. அதுக்கு என் பதில் இதுதான். நீ என் பக்கம் நிக்கணும். ஜூலையில ஊருக்குத் திரும்பறதுக்குள்ள அப்பா இங்க வந்து குழந்தையைக் கையில வாங்கிப் பேரைச் சொல்லிக் கூப்பிடணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்.

சாந்தி

*

ஈஸ்ட் பிரன்ஸ்விக், நியூ ஜெர்ஸி
மார்ச் 16, 1998

சாந்தி,

உன் லெட்டரை லஞ்ச் டைம்ல கார்ல உக்காந்து படிச்சேன். தயிர்சாத டப்பாவைத் தெறக்காமலேயே உள்ள திரும்பிப் போனேன். ஆபீஸ்ல எல்லாரும் பேட், என்னாச்சுன்னு கேட்டாங்க. ஆமா, பேட். அதைப் பத்தித்தான் எழுதப் போறேன்.

நான் யார் பேரைச் சுமந்துகிட்டு இருக்கேன்? அப்பாவைப் பெத்த ஆத்தா பேரை. மூத்த பேத்திக்கு அவங்க பேரைத்தான் வெக்கணும்னு வெச்சாங்க, என்னை யாரும் கேக்கலை. என் கூடப் படிச்சவங்க எல்லாம் கீதா, சுதான்னு இருந்தப்ப நான் மட்டும் பர்வதம். புது டீச்சர் யார் வந்தாலும் அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப ஒரு தடவை நிமிர்ந்து பாப்பாங்க. இங்க வந்து என் பேரைச் சொல்ல முடியாம எங்க சூப்பர்வைசர் மூச்சு வாங்கினார். கம்பெனி பிக்னிக்ல எவனோ பேட்னு கூப்பிட்டான். தப்பிச்சேன்டா சாமின்னு அதையே பிடிச்சுக்கிட்டேன். பேட்ஜ்லயும் அதான் இருக்கு. பழைய பேரைச் சுமந்து பாத்தவ சொல்றேன், அந்தப் பச்சைக் குழந்தை தலையில அதை ஏத்தாதே.

என் பையனுக்கு இனியன்னு எவ்வளவு ஆசையா வெச்சோம். ஒன்பது வயசுல அவன் வெள்ளைக்காரப் பையன் மாதிரி இயன்னு சொல்லிக்கிட்டுத் திரியறான். பொண்ணு கயல் மட்டும்தான் தப்பிச்சா. உன் பொண்ணுக்கு ஸ்கூல்ல என்ன நடக்கும்னு யோசிச்சியா? புள்ளையோட அப்பா பேரு கடைசியில வரணும்ல, அப்ப கிட்டுசாமி தீபக். ரெண்டு ஆம்பளைங்க பேரை ஒட்டவெச்சு நடுவுல ஒரு பொம்பளைப் புள்ளை.

போன்ல நீ ஒண்ணு சொன்னே. 'நீதான் கல்யாணமானதும் அப்பா பேரைக் கழட்டிப் போட்டுட்டியே'ன்னு. அதுக்குத்தான் நான் போனை வெச்சேன். நான் பர்வதம் திருமூர்த்தி ஆனது ஆசைப்பட்டு இல்லை. உன் மாமாவோட கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணறப்ப வக்கீல் ஒரே பேரா இருந்தா நல்லதுன்னார், போட்டுட்டேன். அதனால நான் அவருக்கு மக இல்லைன்னு ஆயிடுமா? அப்பா வந்து தங்கியிருக்கறது என் வீட்டுல. அவருக்கு வெந்நி வெச்சுக் குடுக்கறது நான்.

அடுத்த வாரம் உன் மாமியார் அங்க வந்து எறங்கறாங்க. அந்த ஷ்யாமளா அத்தைகிட்ட இந்தப் பேச்சை எடுத்துப் பாரு. மருமக தன் அப்பன் பேரை எங்க வீட்டுக் குழந்தைக்கு வெக்கறாளான்னு அவங்க ஒரு பார்வை பாத்தாப் போதும், தீபக் டெக்ஸாஸை விட்டே ஓடிடுவார்.

அப்பாவுக்கு இன்னும் முழு வெவரம் தெரியாது. பாதி கேட்டிருக்கார்.

பர்வதம்

*

ஆலன்
மார்ச் 23, 1998

அக்கா,

கழட்டிப் போட்டுட்டேன்னு சொன்னது தப்பு. வாய் நீளம் எனக்கு, உனக்குத் தெரியாததா. மன்னிச்சுடு.

ஆனா பேர் விஷயத்துல எறங்கி வர மாட்டேன். எனக்கு இந்த ரோசனை எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேளு. ஜனவரியில டேகேர்ல பேர் பதியப் போனேன். இங்க புள்ளை பொறக்கறதுக்கு முன்னாடியே வெயிட்டிங் லிஸ்ட்ல போட்டுடணும். அங்க சொவத்துல வரிசையா சின்னச் சின்னக் கொக்கி, அதுல குழந்தைங்க பை தொங்குது, மேல பேர் எழுதி ஒட்டியிருக்கு. பார்க்கர், மேடிசன், கார்ட்டர், ஹண்ட்டர், டெய்லர், மெக்கென்ஸி. இது குழந்தைங்க ரூமா, வக்கீல் ஆபீஸ் போர்டான்னு கொழம்பிட்டேன். எல்லாம் லாஸ்ட் நேம் அக்கா, குடும்பப் பேர். அதைத் தூக்கி முன்னாடி போட்டிருக்காங்க. இப்ப ஊர் பூரா இதுதான் ஃபேஷன். பாதிப் பேர் பொண்ணுங்க வேற. மெக்கென்ஸிங்கறது ரெண்டு குடுமி போட்ட ஒரு வாலு, என் ஹேண்ட்பேகைப் பிடிச்சு இழுத்துச்சு. மெக்-னாலே மகன்னு அர்த்தமாம். அதைப் பொண்ணுக்கு வெச்சுட்டு அவங்கம்மா நிம்மதியாத்தான் தூங்கறா.

எங்க டீம்ல ஹாலிஸ்னு ஒருத்தர் இருக்கார். தலைமுறை தலைமுறையா டெக்ஸாஸ்காரர். அவர் பேரும் லாஸ்ட் நேம் மாதிரி இருக்குதேன்னு விசாரிச்சேன். அது அவங்கம்மா பொறந்த வீட்டுப் பேராம். அவங்க தாத்தாவுக்கு ஆம்பளைப் புள்ளை கெடையாது. கல்யாணம் பண்ணினதும் பேர் போயிடுதே, அதனால அம்மா தன் வீட்டுப் பேரை எடுத்து மூத்த புள்ளைக்கு வெச்சுட்டாங்க. இந்தப் பக்கத்துல அது பழைய வழக்கமாம். 'எங்க தாத்தா என்னைக் கூப்பிடறப்ப எல்லாம் அவர் தோள் கொஞ்சம் நிமிரும்'னார். மத்தவங்களுக்கு அது ஃபேஷன். எனக்கு அது கதவு தெறந்த மாதிரி இருந்துச்சு.

டேகேருக்கு மறுபடி போனப்ப அங்க பேர் பதியற பொண்ணு, 'பேபி பேரு முடிவாச்சா'ன்னு கேட்டா, கிட்டுசாமின்னு சொல்லிட்டேன். அவ மூணு தடவை சொல்லிப் பாத்துட்டு, 'க்யூட், ஃபேமிலி நேமா'ன்னா. ஆமான்னேன். அதுக்கு மேல யாரும் விளக்கம் கேக்கலை. இதுவரைக்கும் விளக்கம் கேட்டது நீ ஒருத்திதான்.

ஷ்யாமளா அத்தை வந்துட்டாங்க. வர்றப்பவே அனன்யான்னு ஒரு பேரைக் கொண்டு வந்திருக்காங்க. தீபக்கிட்ட கேட்டா, 'நீ பெத்துக்கறே, நீ வை, ஆனா அம்மாகிட்ட நீயே சொல்லிடு'ங்கறார். வீரத்துல ஒரு கொறைச்சலும் இல்லை.

இதை நான் அத்தைகிட்ட சொல்றதுக்கு முன்னாடி அப்பாகிட்ட நீ சொல்லு. நான் சொன்னா அவர் 'சரி சரி உடம்பைப் பாத்துக்க'ன்னு போனை உன்கிட்ட குடுத்துடுவார். நீ எதுத்தாலும் சரி, நான் சொன்னதை நான் சொன்ன மாதிரியே சொல்லு.

சாந்தி

*

ஈஸ்ட் பிரன்ஸ்விக்
ஏப்ரல் 2, 1998

சாந்தி,

டேகேர் கதையைப் படிச்சு சிரிச்சேன், பொய் சொல்லலை. எங்க லேப்லயும் ஒருத்தி பேரனுக்கு மேசன்னு வெச்சிருக்கா. கொத்தனார்னு அர்த்தம். நம்ம உடுமலையில ஒருத்தன் தன் புள்ளைக்குக் கொத்தனார்னு பேர் வெச்சா ஊர் சும்மா விடுமா? அவங்களுக்கு அழகா இருக்கறது எல்லாம் நமக்கும் அழகா இருக்கணும்னு இல்லை.

அப்பாகிட்ட சொன்னேன். நீ சொன்ன மாதிரியே, ஹாலிஸ் கதை வரைக்கும் சொன்னேன். டிவியை அணைச்சுட்டுக் கேட்டார். கேட்டு முடிச்சுட்டு, 'வேண்டாம்'னார்.

ஏன்னு கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதறேன். 'பொண்ணைக் குடுத்த வீட்டுல நாம தலை குனிஞ்சு நிக்கணும் அம்மிணி. அங்க போய் நம்ம பேரை நட்டு வெக்கறதா? இன்னிக்கு அவளுக்குப் பெருமையா இருக்கும். நாளைக்கு அந்தம்மா ஒரு வார்த்தை சொன்னா அது என் பொண்ணு மேலதான் விழும். எனக்குப் பேர் நிக்கலைன்னு யார் அழுதா? என் புள்ளைங்க நல்லா இருந்தா சரி.' கடைசியா இன்னொண்ணு சொன்னார். அந்தப் பேரை வெச்சா அவர் டெக்ஸாஸுக்கு வரலையாம். குழந்தையைப் போட்டோவுல பாத்துக்குவாராம். இங்கேர்ந்தே ஊருக்கு ஏறிடுவாராம்.

பயமுறுத்தறார்னு நெனைக்காதே. நம்ம அப்பா ஒண்ணு சொன்னா சொன்னதுதான். நீ ஆசைப்பட்டது அவர் வந்து கூப்பிடணும்னுதானே? அந்தப் பேரை வெச்சா கூப்பிட அவர் வரமாட்டார். வேற பேரை வெச்சா வருவார். யோசிச்சுக்க. நான் இதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை.

பர்வதம்

*

ஆலன்
மே 4, 1998

அக்கா,

பொறந்தது போன்ல தீபக் சொல்லி உங்க எல்லாருக்கும் தெரியும். ஏழரை பவுண்டு, நம்ம அம்மா மூக்கு. என்னால பேச முடியலை, அழுகையா வந்துச்சு. அதனாலதான் ரிசீவரை வாங்கலை. இப்ப நல்லா இருக்கேன். நடந்ததைக் கேளு.

உன் லெட்டரைத் தினமும் எடுத்து எடுத்துப் படிச்சேன். அப்பாவா, அப்பா பேரான்னு ஆயிடுச்சே. ஒரு நாள் அனன்யாவே போதும்னு இருக்கும். மறுநாள் ஆபீஸ்ல எவனாவது 'கிட்டு'ன்னு கூப்பிடுவான், மனசு மாறிடும். புள்ளை பொறந்த மறுநாள் ஆஸ்பத்திரியில ஒரு அம்மா பர்த் சர்டிஃபிகேட்டுக்குப் பேர் கேட்டு வந்தாங்க. தீபக் சீலிங்கைப் பாத்தார். அத்தை ஃபிளாஸ்க்லேர்ந்து எனக்குப் பால் ஊத்திக்கிட்டு இருந்தாங்க. நான் கண்ணை மூடிக்கிட்டு, 'அத்தை, குழந்தைக்கு எங்கப்பா பேரை வெக்கணும்னு ஆசை'ன்னு சொல்லிட்டேன்.

அத்தை கையில இருந்த டம்ளரைக் கீழ வெச்சாங்க. 'கிட்டுசாமிங்களா?'ன்னாங்க. ஆமான்னேன். 'கிட்டுசாமி'ன்னு இன்னொரு தடவை சொன்னாங்க. அப்பறம் தொட்டில் பக்கத்துல போய்க் குனிஞ்சு, 'கிட்டுசாமி, ஏ கிட்டுசாமி'ன்னு கூப்பிட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை.

அப்பத்தான் சொன்னாங்க. கோயமுத்தூர்ல இருக்கற பெரிய பேரனுக்கு, தவறிப்போன மாமனார் பேரைத்தானே வெச்சிருக்காங்க. நான் அந்தப் பேரை எழுத மாட்டேன், எனக்கும் ஆகாது, அத்தை வேற பக்கத்துல உக்காந்திருக்காங்க. வீட்டுக்காரர் பேரை அத்தை ஒரு நாளும் வாயில எடுத்ததில்லை. அதனால ஆறு வயசுப் பேரனைக் கூப்பிடவும் முடியாது. 'ஸ்கூல் கேட்டுல அத்தனை பசங்க மத்தியில கையைத் தட்டித்தான் கூப்பிடறேன் சாந்தி. அவனைத் தவிர எல்லாப் பசங்களும் திரும்பிப் பாக்கறாங்க. அவனை ஒழுங்காத் திட்டக்கூட எனக்குக் குடுத்து வெக்கலை. சம்பந்தி பேருன்னா எனக்கு என்ன தடை? வாய் நெறையக் கூப்பிடுவேன், வாய் நெறையத் திட்டுவேன்.'

தீபக் மெதுவா, 'பொண்ணுக்கு ஆம்பளைப் பேராச்சேம்மா'ன்னார். அத்தை அவரை ஒரு பார்வை பாத்தாங்க. நீ பயந்தியே, அதே பார்வைதான், ஆனா விழுந்தது அவர் மேல. 'நம்ம பக்கம் பொட்டப் புள்ளைங்களை என் ராசா, என் சாமின்னுதானடா கொஞ்சறோம். அது என்ன பொம்பளைப் பேரா?'ன்னாங்க. ஃபார்ம் எடுத்துட்டு வந்த அம்மாகிட்ட அவங்களே ஒவ்வொரு எழுத்தா சொன்னாங்க. முப்பது வருஷம் டீச்சர் வேலை பாத்தவங்க இல்லையா, ரெண்டு தடவை திருப்பிச் சொல்ல வெச்சாங்க.

அதனால பேர் வெச்சாச்சு அக்கா. அப்பா வராமப் போனாலும் இதுல நான் அழ மாட்டேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டிருக்கேன். பொய்தான். அழுவேன்.

சாந்தி

*

ஈஸ்ட் பிரன்ஸ்விக்
மே 11, 1998

சாந்தி,

உன் மாமியாரைப் பத்தி நான் எழுதினது எல்லாத்தையும் வாபஸ் வாங்கிக்கறேன்.

சனிக்கிழமை காலையில அவங்க இங்க போன் பண்ணினது உனக்குத் தெரியுமா? நான்தான் எடுத்தேன். சம்பந்திகிட்ட குடுன்னாங்க. அப்பா கைலியோட உக்காந்திருந்தவர், சம்பந்தியம்மான்னு சொன்னதும் எந்திரிச்சு, அவசரமா ஒரு அங்கராக்கை எடுத்து மாட்டிக்கிட்டுத்தான் போனை வாங்கினார். போன்ல யார் பாக்கப் போறா, சொல்லு. பேசினது முழுக்க அந்தப் பக்கம்தான். இவர் 'சரிங்க, ஆகட்டுங்க'ன்னு நின்னுகிட்டே கேட்டார். ஒரு எடத்துல மட்டும், 'உங்களுக்குக் கொறையில்லீங்களா?'ன்னு கேட்டார். அதுக்கு என்ன பதில் வந்துச்சோ, இவர் ரிசீவரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டார்.

வெச்சதும், 'அழைச்சுட்டாங்க, போகாம இருந்தா மரியாதை இல்லை'ன்னார். அதுதான் அவருக்கு வேண்டியிருந்துச்சு போல. அவங்க வாயால வாங்கன்னு ஒரு வார்த்தை. நான் உடனே டிக்கெட் போட்டுட்டேன், ஞாயித்துக்கிழமை டாலஸ்ல எறங்கறார்.

ஆனா ஒண்ணு. சூட்கேஸ் அடுக்கறப்ப, 'குழந்தையைப் பாக்கத்தான் போறேன். பேருக்கு நான் ஒத்துக்கிட்டதா அவ நெனைச்சுக்க வேண்டாம்'னு சொல்லிப்போட்டார். இதுவரைக்கும் ஒரு தடவைகூட குழந்தையைப் பேர் சொல்லிப் பேசலை. 'அந்தப் பாப்பா'ங்கறார். நீ வாயை வெச்சுகிட்டு சும்மா இரு. சொல்லுங்க சொல்லுங்கன்னு அவரைப் பிடுங்காதே.

இனியன் மட்டும், 'தாத்தா பேர்ல பேபியா? சோ கூல்'னு அவன் பிரெண்ட்ஸ்கிட்ட சொல்லிக்கிட்டிருக்கான். அவன் இன்னும் இயன்தான், அது வேற விஷயம்.

பர்வதம்

*

ஆலன்
ஜூன் 8, 1998

அக்கா,

நீ சொன்ன மாதிரி வாயை மூடிக்கிட்டு இருந்தேன். எவ்வளவு கஷ்டம்னு தீபக்கைக் கேளு.

வந்த அன்னிக்கே ஒரு கூத்து. அப்பா சாப்பிட்டுட்டு ஹால்ல பேப்பர் பாத்துட்டு இருந்தார். உள்ள அத்தை குழந்தைக்குப் பால் புகட்டிக்கிட்டு இருந்தாங்க. திடீர்னு, 'ஏ கிட்டுசாமி, குடிச்சதை எல்லாம் கக்கி வெச்சிருக்கியே, உனக்கு அறிவிருக்கா'ன்னு ஒரு அதட்டல். அப்பா பேப்பரைப் போட்டுட்டு எந்திரிச்சு நின்னுட்டார். அத்தை ஓடி வந்து, 'ஐயோ உங்களை இல்லீங்க சம்பந்தி'ன்னாங்க. இவர் 'இல்லீங்க, பரவாயில்லீங்க'ன்னு சொல்லி உக்காந்தார். அரை மணிக்கு ஒரு தடவை இது நடந்துச்சு. ரெண்டு மூணு நாளைக்கு ஒவ்வொரு அதட்டலுக்கும் அவர் லேசா எந்திரிச்சு உக்காந்தார். அப்பறம் பழகிடுச்சு. அத்தை திட்டினா பேப்பருக்குப் பின்னால சிரிக்கறார்னு தீபக் சொன்னார். நான் பாக்கலை.

ஆனா அவர் கூப்பிடறது பாப்பா, அம்மிணி, கண்ணு. அந்தப் பேரு மட்டும் வரலை.

போன வாரம் தடுப்பூசி போடக் குழந்தைங்க டாக்டர்கிட்ட போனோம். அப்பாவும் வந்தார். வெயிட்டிங் ரூம் நெறையக் கூட்டம். ஒரு நர்ஸ் கதவைத் தெறந்து, 'பார்க்கர்?'னா. ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிட்டு உள்ள போனாங்க. அப்பறம் 'மேடிசன்?' ரெண்டு பேர் எந்திரிச்சாங்க. மேடிசன் எஸ்-ஸா, மேடிசன் டி-யான்னு அங்க ஒரு கொழப்பம். நம்ம ஊர் இனிஷியல் மாதிரியே கேக்கறாங்கன்னு அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், என்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். அந்தச் சிரிப்பு முடியறதுக்குள்ள நர்ஸ் மறுபடி கதவைத் தெறந்து நல்லாத் தெளிவா, 'கிட்டுசாமி?'ன்னு கூப்பிட்டா.

அப்பா டக்குனு எந்திரிச்சுட்டார். ஆபீஸ்ல கேட்டுக் கேட்டுப் பழகினதால நானும் எந்திரிச்சுட்டேன். நர்ஸ் எங்க ரெண்டு பேரையும் பாத்து, 'உங்கள்ல யாரு?'ன்னா. நான் குழந்தையைக் காட்டி, 'மூணு பேருமே'ன்னேன். அந்த ரூம்ல இருந்த எல்லாரும் சிரிச்சாங்க அக்கா. கேலி இல்லை, நல்ல சிரிப்பு. கவ்பாய் தொப்பி வெச்ச ஒரு பெரியவர் எந்திரிச்சு வந்து அப்பா கையைப் பிடிச்சுக் குலுக்கினார். அப்பா என்கிட்ட, 'குடு'ன்னு குழந்தையை வாங்கிக்கிட்டு எனக்கு முன்னால நடந்தார். எனக்குப் பெருமையில கண்ணு மறைச்சுது. நான் சுத்தமா மறந்துபோன டயப்பர் பையை நர்ஸ்தான் எடுத்துட்டு வந்தா.

திரும்பி வர்றப்ப அப்பா பின்சீட்டுல குழந்தை பக்கத்துல உக்காந்துக்கிட்டார். அப்பறம், 'நம்ம ஊர்ல இப்படிப் பேரை முழுசாக் கூப்பிட்டா ஒண்ணு கோர்ட்டா இருக்கும், இல்லைன்னா கடன்காரனா இருப்பான்'னார். அவ்வளவுதான்.

நாளைக்கு உன் வீட்டுக்குத் திரும்பறார். வேண்டாம்னு சொன்னதை வாபஸ் வாங்கலை. ஒத்துக்கிட்டேன்னும் சொல்லலை. கெளம்பறதுக்குள்ள அவர் வாயிலேர்ந்து அந்தப் பேர் வரும்னு பாத்துப் பாத்து ஓஞ்சுட்டேன். ஊருக்கு ஏறறதுக்குள்ள அவர் மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சா எழுது. அதுவரைக்கும் எனக்கு நிம்மதி கெடையாது.

சாந்தி

*

ஈஸ்ட் பிரன்ஸ்விக்
ஜூலை 6, 1998

அம்மிணி,

நேத்து ராத்திரி அப்பாவை ஏத்தி விட்டுட்டு வந்தோம். ஆபீஸுக்கு லீவ் போட்டுட்டு உனக்கு எழுதறேன்.

முதல்ல என் கதையைச் சொல்லிடறேன். எனக்கு உன் மேல கோபம் வந்தது குழந்தையை ஸ்கூல்ல கேலி பண்ணுவாங்கன்னு மட்டும் இல்லை. எனக்கு ரெண்டு புள்ளைங்க பொறந்தப்ப இது ஏன் தோணலைங்கற எரிச்சல். நீ சின்னவ, நீ செஞ்சுட்டே. பொறாமைதான். எழுதிட்டேன், இனி இதைப் பத்திப் பேசக்கூடாது.

அப்பா திரும்பி வந்ததும் கேட்டுப் பாத்தேன். 'பாப்பா நல்லா வளருது'ன்னார். பேரைப் பத்தி என்னப்பா நெனைக்கறீங்கன்னு நேராவே கேட்டேன். 'ம்'ன்னார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்னு மாமாவும் நானும் ஒரு வாரம் ஆராய்ச்சி பண்ணினோம். உனக்கு என்ன எழுதறதுன்னு தெரியாமத்தான் லெட்டர் போடலை.

நேத்து கென்னடி ஏர்போர்ட்ல லைன் வாசல் வரைக்கும் நின்னுது. எங்களுக்கு முன்னால ஒரு சின்ன வயசு ஜோடி, சென்னைக்காரங்க, இடுப்புல ஒரு பையன். ஜெர்ஸி சிட்டியாம். அந்தப் பொண்ணு அப்பாகிட்ட பேச்சுக் குடுத்துச்சு. தனியாப் போறீங்களா அங்கிள், எந்த ஊருன்னு எல்லாம் கேட்டுச்சு. அப்பா உடுமலைன்னார், மில்லுல இருந்தேன்னார். ரெண்டு பொண்ணுங்கன்னு சொன்னார். பையன் இல்லையான்னு அந்தப் பொண்ணு கேட்டுடுச்சு. ஊர்ல எத்தனை தடவை கேட்ட கேள்வி. அப்பா, 'இல்லீங்க, ரெண்டும் பொண்ணுங்கதான்'னு சாதாரணமாச் சொன்னார்.

கவுன்ட்டர் பக்கம் போனதும் அந்தப் பொண்ணோட புருஷன், ஃப்ளைட்ல பக்கத்துல சீட் கெடைச்சா நாங்க பாத்துக்கறோம்னு என்கிட்ட சொல்லிட்டு, 'உங்க பேர் என்னங்க அங்கிள், கவுன்ட்டர்ல சொல்லிப் பாக்கறேன்'னு கேட்டான். நான் வாயைத் தெறந்தேன். அப்பா என் கையைப் பிடிச்சு நிறுத்தினார். நல்லா நிமிர்ந்து நின்னார், சாந்தி. பின்னால இருந்தவங்களுக்கும் கேக்கற மாதிரி சொன்னார்.

'கிட்டுசாமிங்க. டெக்ஸாஸ்ல எனக்கு ஒரு பேத்தி இருக்கா. அவ பேருதான் எனக்கும்.'

பர்வதம்